குவைத்திலிருந்து வந்த ரீல்

நம் காலத்தில் குவைத்துக்குப் போன தாய்மார் கடிதம் எழுதியதைவிடக் கேசட்டில் பேசி அனுப்பியதுதான் அதிகம் என்பது என் வயதுக்காரர்களுக்குச் சொல்லாமலே ஞாபகம் இருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கு அது பெரிய வசதி. கேசட்டின் ஒரு பக்கம் அழுகை, மறுபக்கம் வீட்டுக்கு அனுப்பப்போகும் சாமான்களின் பட்டியல். எங்கள் அம்மாவின் கேசட்டுகளில் அழுகை குறைவு. அவற்றில் தூண்டில்கள்தான் இருந்தன.

அப்போது நாங்கள் மாத்தளைப் பக்கம் நாலந்தைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர் குடியிருந்த லயத்தின் கடைசிக் காம்பரா, அந்த ஒற்றை அறை, எங்களுடையது. எனக்குப் பத்து வயது, அம்மா போய் ஒரு வருடம். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பாவுக்கு வலது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். ரப்பர் தகட்டை மெஷினுக்குள் விடும்போது மற்ற மூன்றையும் ரோலர் இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு தோட்டத்தில் அவருக்கு வேலைக்குப் பேர் போடவில்லை. அம்மா பாஸ்போர்ட் எடுத்தது அதனால்தான்.

எங்களிடம் கேசட் பெட்டி கிடையாது. ரோட்டுச் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரிடம் இருந்தது. சந்தியில் எல்லோருக்கும் அவர் ‘நானா’தான், அண்ணன் மாதிரி. கேசட் வந்தால் நானும் அப்பாவும் கடைக்குப் பின்னால் பழைய டயர்களுக்கு நடுவே உட்கார்ந்துகொள்வோம். நானா மரியாதை தெரிந்தவர். பட்டனை அழுத்திவிட்டு முன்னால் போய், யாருடைய டயருக்காவது சத்தமாகக் காற்றடிக்க ஆரம்பித்துவிடுவார். காற்றே வேண்டாத டயர்கள்கூட அன்று கல்லாக இறுகிவிடும். அந்த உஸ் உஸ் சத்தத்துக்கு நடுவே அம்மாவின் குரல் வரும். இன்றைக்கும் யாராவது சைக்கிளுக்குக் காற்றடித்தால் எனக்கு நெஞ்சு ஒரு நிமிடம் இளகிப்போகிறது.

அப்பா மீன் பிடிக்கத் தொடங்கியது கை போன பிறகு. நீர்த்தேக்கம் எங்களுக்கு நடந்து போகும் தூரம். அவருடைய குறி வாளை. கெளுத்திச் சாதியிலேயே பெரியது அது. சிங்களத்தில் வலயா என்பார்கள். செதில் கிடையாது, இரண்டு நீள மீசை, உடம்பில் பாதி வாய். ஐப்பசி மழையில் செந்தண்ணீர் உள்ளே இறங்கும்போது அது கரைப்பக்கம் வரும். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப்போகும் லொறிக்காரர் ஒருவர், எத்தனை வாளை கொடுத்தாலும் அங்கே ஹோட்டல்களுக்கு எடுத்துக்கொள்வதாக அப்பாவிடம் சொல்லியிருந்தார். அதை அப்பா கேசட்டில் சொன்னார். அம்மா பதில் சொன்னாள்: “பாப்பா அப்பா, ஒங்க கையால ஒரு தொழில் நடக்கும்னா நான் இந்தத் தடவ வந்ததும் பாஸ்போட்ட பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டிருவேன். திரும்பி இங்க வர மாட்டேன்.”

அந்த ஒரு வாக்கியத்தை நான் நானாவிடம் கெஞ்சி மூன்று தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். வாளை பிடிபட்டால் அம்மா இருப்பாள். பிடிபடாவிட்டால் போய்விடுவாள். பத்து வயதில் எனக்கு உலகம் அவ்வளவு சுலபமாக இருந்தது.

விடியற்காலையில் போவோம். தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள் நிற்கும். பனி அவற்றின் இடுப்பளவுக்கு இருக்கும். கிளைகள் மட்டும் தரையில்லாத இடத்தில் மிதப்பது போலத் தெரியும். அப்பா பேசமாட்டார். நான் தூங்கிவிடுவேன் என்று தெரிந்து, தங்கூசி என்னும் நைலான் நூலில் ஒரு சுற்றை என் கால் பெருவிரலில் போட்டுவிடுவார். தண்ணீருக்கு அடியில் என்னென்னவோ நடப்பது விரலுக்குத் தெரியும். சின்ன மீன் கொத்துவது, நூல் செடியில் உரசுவது, காற்று இழுப்பது எல்லாம் வேறு வேறு. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில், அம்மா கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த நூலின் மறுமுனையைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் வாளை இழுத்தது. நல்லவேளை, நூல் அப்போது அப்பாவின் கையில் இருந்தது. அந்த இரண்டு விரலில் எத்தனை நேரம் பிடிப்பது? தங்கூசி ஆள்காட்டி விரலை எலும்பு வரைக்கும் அறுத்துவிட்டது. அப்பா நூலை விட்டார். கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, சிவப்பாகக் கரைந்து போவதைப் பார்த்தபடி இருந்தார். “வெறுங்கை நூலு சரிவராது புள்ள,” என்றார். “கம்பும் ரீலும் வேணும். கம்ப இடது கை புடிச்சுக்கும். ரீல சுத்த இந்த ரெண்டு வெரலு போதும்.”

அன்றிலிருந்து கம்பு தேடினோம். அந்த மாதங்களைப் போல நான் பிறகு எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. ஆற்றோர மஞ்சள் மூங்கில் பாரம். தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் நிற்க முடியாது. தோட்டத்து எல்லையில் வளர்ந்த சன்ன மூங்கில் துள்ளும், ஆனால் கணுவில் முறியும். சோதிக்கிற வேலை என்னுடையது. கம்பின் நுனியில் என் ஸ்கூல் பையைத் தொங்கவிட்டு, அடியை அப்பா இடது கையால் தூக்குவார். பை தரையை விட்டு எழும்ப வேண்டும், கம்பு வில்லாக வளைய வேண்டும், பையை எடுத்ததும் நேராக நிமிர வேண்டும். இந்த மூன்றும் தேறியது ஒரு கித்துல் பனையின் சிராய்தான். அப்பா அதைக் கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுரண்டி வழுவழுப்பாக்கினார். லயத்துப் பெண்கள், “அப்பனும் மகளும் சேந்து கொளத்தக் காலி பண்ணப் போறாங்க” என்று கேலி செய்தார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ரீலை நானா செய்து தந்தார். சைக்கிள் பின்சக்கரத்தின் நடுக்கட்டையை எடுத்துக் கம்பில் இறுக்கி, ஒரு சிறிய கைப்பிடியும் வைத்தார். “எந்தப் பக்கம் வைக்க?” என்று அவர் கேட்டதும் அப்பா, “வலது பக்கம் நானா. இடது பக்கம் வச்சா எனக்கு ஒண்ணுக்கும் ஒதவாது” என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சுற்றினால் டக டக என்று சத்தம் வரும். மூன்று நாள் அது எங்களுடைய மகாராஜா. நான்காம் நாள் ஒரு வாளை கித்துல் கம்பை வளைத்து, நூலை உருவி, கடைசியில் அந்தக் கட்டையையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. டக டக சத்தம் தண்ணீருக்குள் போனதை நான் கேட்டேன். அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அதைக் கேசட்டில் சொன்னபோதுதான் அம்மா தான் வேலை செய்த வீட்டைப் பற்றிச் சொன்னாள். அந்த வீட்டு ஐயா கடலில் மீன் பிடிக்கிறவராம். ஒரு அறை முழுக்கத் தூண்டில். வெள்ளிக்கிழமை அவர் கடலுக்குப் போய் வந்தால், சனிக்கிழமை முழுவதும் உப்புப் போகத் துடைத்துவைப்பது அம்மாவின் வேலை. “ஒண்ணு நம்ம கித்துலு மாதிரியே வளையுது பாப்பா. தூக்குனா காத்து மாதிரி இருக்கு. இன்னொண்ணு இருக்கு, என்னைய விட ஒசரம். ரீலு மட்டும் இருபது இருக்கும். சின்னக் கொழந்தையக் குளிப்பாட்டுற மாதிரி ஒவ்வொண்ணாக் கழுவுவேன்.”

அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் நாங்கள் கேசட்டிலேயே தூண்டில் தெரிவு செய்தோம். நான் கேள்வி கேட்பேன், ஒரு மாதம் கழித்துப் பதில் வரும். கம்பு ஒரே துண்டா, இரண்டு துண்டா? ரெண்டா இருந்தாத்தான் பஸ்ஸுல கொண்டு போகலாம். நூல் எவ்வளவு தடிமன்? வாளைக்குப் பல் இருக்கே, முள்ளுக்கு மேல கம்பி வேணுமே? எதையும் அம்மா மறக்கவில்லை. அவளுடைய குரலில் அந்த அறையும் அதன் உப்பு வாசமும் எனக்குப் பழகிப்போயின. இரவில் படுத்துக்கொண்டு அந்தக் கம்புகளுக்கு நடுவே நடந்து போவேன். அம்மா ஒவ்வொன்றையும் துடைத்துவிட்டு என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவாள்.

ஒன்றே ஒன்றைத்தான் நாங்கள் சொல்லவில்லை. கைப்பிடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை. நான் சொல்லப் போனபோது அப்பா கேசட்டை நிறுத்திவிட்டார். “கையப் பத்திப் பேசாத. அவ அங்க தனியாக் கெடந்து அழுவா,” என்றார். அம்மா அழாதவள் என்பது இருபது நிமிடம் அவள் பேச்சைக் கேட்ட யாருக்கும் தெரியும். ஆனால் அப்பா அப்படித்தான். தனக்கு வலிப்பதை எல்லாம் அவளுக்கு வலிக்கும் என்று முடிவு செய்துவிடுவார்.

அம்மா இரண்டு மாத விடுமுறையில் வந்தாள். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நானும் அப்பாவும் போனோம். திரும்பும்போது மாத்தளைக்கு வருமுன் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். யுத்தம் தொடங்கியிருந்த அந்தக் காலத்தில் தமிழர் துணிப்பைக்குள் நீளமாக ஏதாவது கொண்டுபோனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவின் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய், துப்பாக்கி முனையால் அம்மா கொண்டுவந்த நீளத் துணிப்பையைத் தட்டினான். “பிலி பித்தக், மஹத்தயா,” என்று அப்பா சொன்னார். தூண்டில் கம்புதான் ஐயா. அவன் நம்பாமல் பிரித்தான். உள்ளே பச்சைக் கம்பு. தெற்குக் கடற்கரைப் பிள்ளையாக இருக்க வேண்டும். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு துண்டையும் பொருத்தி ரோட்டில் நின்றபடியே ஒரு வீச்சு வீசிப் பார்த்தான். நூலில்லாத கம்பு காற்றில் விர்ரென்றது. பிறகு எங்களைவிட ஒழுங்காகப் பைக்குள் மடித்து வைத்து அம்மாவிடம் கொடுத்தான். பஸ்ஸில் அம்மா என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் உடம்பில் வேறு சோப்பு வாசம். கண்ணை மூடிக்கொண்டு, இனி எல்லாம் சரி என்று நினைத்தேன்.

வீட்டில் லயமே கூடிவிட்டது. கம்பளி, பால்மா டின், சுவர் மணிக்கூடு எல்லாம் வெளியே வந்து, கடைசியில் அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து ரீல். கறுப்பு உடம்பு, வெள்ளி நிறச் சுற்று. அம்மா அதைக் கம்பில் பொருத்தி, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

கைப்பிடி இடது பக்கம் இருந்தது.

அப்பா இடது கையில் வாங்கினார். சுற்ற வலது கையைக் கொண்டுபோனார். அங்கே கைப்பிடி இல்லை. கம்பை வலது கைக்கு மாற்றினார். இரண்டு விரல் அதைத் தாங்கவில்லை. நுனி மெல்லக் கீழே போய்த் தரையில் முட்டியது. கூட்டத்தில் ஒருவர், “பாத்துண்ணே” என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அப்பா கம்பைச் சுவரில் சாத்திவைத்தார்.

“ரெண்டு வருசத்துல என் கை போனதே ஒனக்கு மறந்து போச்சா?” என்றார். சத்தம் போடவில்லை. எல்லோரும் கேட்கும்படி, அமைதியாகக் கேட்டார்.

அம்மா, “தேத்தண்ணி ஊத்துறேன்,” என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் நான் ரீலை நானாவிடம் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். அப்பா என்னை முறைத்தார். “வெளிநாட்டுச் சாமான். நம்மூரு ஆளு கையில குடுத்துக் கழட்டுனா அவ்வளவுதான், அப்புறம் பூட்ட முடியாது.” இதைக் கேட்டு இன்று சிரிக்கலாம். ஆனால் நம் வீடுகளில் அப்போது குவைத் சாமானுக்கு இருந்த மரியாதையை நினைத்துப் பாருங்கள். மணிக்கூட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட மூன்று வருடம் பிரிக்காமல் அதற்குள்ளே மணி பார்த்தவர்கள் நாம். திருகாணியில் கை வைக்கிற துணிச்சல் யாருக்கு இருந்தது? அப்பா ரீலை அதன் அட்டைப் பெட்டியில் வைத்து, பெட்டியைத் தகரப் பெட்டியில் வைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்த இரண்டு மாதமும் இருவரும் சண்டை போடவே இல்லை. ஒருவருக்கொருவர் விருந்தாளி போல நடந்துகொண்டார்கள். “சாப்புடுறீங்களா?” “நீ சாப்பிட்டியா?” அதற்கு மேல் பேச்சில்லை. ஒருவரை ஒருவர் திட்டியிருந்தால்கூட எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

ஒரு விடியற்காலை அம்மாவும் எங்களோடு நீர்த்தேக்கத்துக்கு வந்தாள். நல்ல பனி. அப்பா வெறுங்கை நூலைத்தான் கொண்டுவந்திருந்தார். மூன்று பேரும் கரையில் உட்கார்ந்தோம். அம்மா தன் புதிய கம்பளியை என் மீதும் அப்பாவின் முதுகிலும் சேர்த்துப் போர்த்தினாள். தண்ணீரும் வானமும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நாங்கள் மூவரும் எங்கேயும் இல்லாத மாதிரி இருந்தது. அப்படியே இருந்துவிட முடியும் என்று நம்பினேன். அப்பா நூலை இடது கையால் விட்டு, வலது கையின் இரண்டு விரலால் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். அம்மா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ரீல எடுத்துட்டு வந்திருக்கலாம்,” என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்பா நூல் பக்கம் திரும்பிக்கொண்டார். பனி விலகியதும் எழுந்து வந்துவிட்டோம். அந்த வாரம் ஏஜென்சியிலிருந்து தாள் வந்தது. அம்மா பாஸ்போர்ட்டை எடுத்தாள்.

அவள் மறுபடி வந்தது ஐந்து வருடம் கழித்து. குவைத்தில் சண்டை மூண்டு எல்லோரையும் திருப்பி அனுப்பியபோது, கையில் ஒரு பை மட்டும் வைத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் நான் பெரியவளாகியிருந்தேன். அன்று தலைக்குத் தண்ணீர் ஊற்றியது பக்கத்துக் காம்பரா அக்கா. அம்மாவின் வாழ்த்து கேசட்டில் ஒரு மாதம் பிந்தி வந்தது. நானா வழக்கம்போல டயருக்குக் காற்றடித்தார், நான் அதை முழுவதும் கேட்காமல் எழுந்து போய்விட்டேன். நடுவில் நாட்டில் கலவரமாக இருந்த கெட்ட வருடங்களில் தோட்டத்தை விட்டு அவசரமாக இறங்கியபோது அந்தத் தகரப் பெட்டியும் ரீலும் எங்கே போயின என்று தெரியாது. அப்பா பிறகு வாளை பிடிக்கப் போகவில்லை. தம்புள்ளையில் ஒரு மரக்கறிக் கடையில் காவல் இருந்தார். திரும்பி வந்த அம்மாவும் அவரும் சாதாரணமாக, குறை சொல்ல முடியாதபடி வாழ்ந்தார்கள். அப்பா இறந்து இப்போது ஆறு வருடம்.

போன மாதம் என் மருமகன் தம்புள்ளையில் தூண்டில் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். கடைக்காரர் ஒரு ரீலைக் காட்டினார். மருமகன் இடது கைக்காரர், கம்பை இடது கையில் பிடித்து வலது கையால் சுற்றுபவர். கைப்பிடி இடது பக்கம் இருந்ததைப் பார்த்துவிட்டு, “இது எனக்குச் சரிவராதே” என்றார். கடைக்காரர் மறுபக்கத்தில் இருந்த சிறிய மூடியைத் திருகி எடுத்தார். கைப்பிடியை உருவி அந்தப் பக்கம் செருகினார். மூடியை இந்தப் பக்கம் பூட்டினார். நான் மூச்சு விட்ட நேரம்தான். “எல்லாம் இப்படித்தான் வரும். அந்தக் காலத்திலேயே இப்படித்தான்,” என்றார். நான் கடை வாசலில் இருந்த கதிரையில் உட்கார்ந்துகொண்டேன். மருமகன் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, “தெரியும்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“இருபது ரீல வாராவாரம் கழட்டிக் கழுவுனவளுக்குத் தெரியாதா? அந்தப் பக்கமும் மாத்தலாம்னுதானே அதையே பாத்து எடுத்தேன். அவரு கையில குடுத்துட்டு, அங்கயே மாத்திக் காட்டலாம்னு நெனச்சிருந்தேன்.” கீரையில் ஒரு பழுத்த இலையைத் தேடி எடுத்துப் போட்டாள். “அதுக்குள்ள கேட்டுப்புட்டாரு, மறந்து போச்சான்னு. ரெண்டு வருசமும் நான் அந்தக் கையத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். அத்தன பேரு முன்னால கேட்டாரு.”

“அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமே.”

“அவரு வந்து ஒரு வார்த்த கேக்கட்டும்னு இருந்தேன். இன்னைக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு. அன்னைக்குக் கொளத்தங்கரையில வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பயும் அவரு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.”

எனக்குக் கோபம் வந்தது. ஐம்பதைத் தாண்டிய உடம்பில், பதினோரு வயதுப் பிள்ளையின் கோபம். “ஒங்க ரெண்டு பேருக்குள்ள என்ன வேணா இருக்கட்டும்மா. நான் இருந்தேன்ல? எனக்காகச் சொல்லியிருக்கலாம்ல?”

அம்மா கையை நிறுத்தினாள். பொய் சொல்லிச் சமாளிக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது.

“ஒன்னைய நெனக்கலயே பாப்பா,” என்றாள். “அந்த ரெண்டு மாசமும் ஒன்னைய நெனக்கவே இல்லயே.”